எலைசா ஜேன் வராத பயணம்

கோடை தொடங்கியதும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மேற்கு நோக்கிச் செல்லும் எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் ஒருவகை வண்டிகள் அதிகமாகக் கண்ணில் படும். கேம்பர் வேன் என்றும் மோட்டார் ஹோம் என்றும் வழங்கப்படும் இவ்வண்டிகளுக்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குளிர்பெட்டி உண்டு. ஓட்டுபவர் பெரும்பாலும் தலை நரைத்தவர். பக்கத்து இருக்கையில் வழி சொல்லியபடி அவருடைய துணை. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் தத்தம் வழியில் சென்றுவிட்டபின், இனியாவது ஊர் பார்ப்போம் என்று கிளம்பிய தம்பதியர். புல்வெளியைக் கடந்து, ராக்கி மலைத்தொடரை ஏறி இறங்கி, பசிபிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இவர்களில் பலருடைய திட்டம்.

இவர்கள் செல்லும் சாலை நெடுந்தூரம் பிளாட் என்னும் ஆற்றை ஒட்டியே செல்கிறது. அந்த வழியைச் சாலைப் பொறியாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ரயில்பாதைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் முன்னால், 1840-களிலிருந்து, எருது பூட்டிய கூண்டு வண்டிகளில் குடியேறிகள் இதே ஆற்றங்கரையில் மேற்கே போனார்கள். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே அந்நிலத்தின் பூர்வகுடிகள் இதில் நடந்துகொண்டிருந்தார்கள். ஆரிகன் தடம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற, சுமார் 3,200 கிலோமீட்டர் நீண்ட வழி இது. கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் பிரிந்து சென்றவர்களையும் சேர்த்தால், மூன்று முதல் நான்கு லட்சம் பேர் இந்த வழியில் சென்றிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

இத்தடத்தில் இளமையில் மனைவியோடும் முதுமையில் மனைவி இல்லாமலும் பயணம் செய்த ஒருவரைப் பற்றியும், அந்த மனைவியைப் பற்றியும் இங்கே பார்க்கப்போகிறோம்.

எஸ்ரா மீக்கர் 1830 டிசம்பர் 29 அன்று ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1851 மே மாதம் எலைசா ஜேன் சம்னரை மணந்தார். கணவனும் மனைவியும் அயோவாவுக்குப் போய் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தக் குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆரிகனில் குடியேறுபவர்களுக்கு அரசு இலவசமாக நிலம் தருகிறது என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, 1852 வசந்தத்தில், பிறந்து சில வாரங்களே ஆன மகனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எஸ்ராவுக்கு அப்போது வயது 21.

அந்தக் காலத்துக் கூண்டு வண்டியைத் திரைப்படங்களில் பார்த்திருப்போம். வெள்ளைத் துணிக்கூண்டு, உள்ளே பெண்டு பிள்ளைகள், முன்னால் குதிரைகள். உண்மை வேறு. வண்டிப் பெட்டியின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, விதை, கலப்பை, தச்சுக் கருவிகள் என்று ஒரு டன் எடை ஏற்றிய பிறகு மனிதருக்கு அதில் இடமேது? நம்மூர் வில்வண்டியைப் போல அடியில் வில்லும் கிடையாது. உட்கார்ந்தால் எலும்பு கழன்றுவிடும். ஆகவே நோயாளியும் கைக்குழந்தையும் தவிர மற்ற எல்லோரும் பாதிக் கண்டத்தை நடந்தே கடந்தார்கள். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் குதிரைகளல்ல, எருதுகள். விலை குறைவு, முரட்டுப் புல்லைத் தின்று தாங்கும், நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் போகும். பின்னால் தொங்கவிட்ட குடத்தில் காலையில் கறந்த பாலை ஊற்றிவைத்தால், வண்டியின் குலுக்கலில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். மரமில்லாப் புல்வெளியில் விறகுக்கு எங்கே போவது? காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்தது. பெண்கள் அதை முந்தானையில் பொறுக்குவது போல மேலாடை மடியில் பொறுக்கிவந்து அடுப்பெரித்தார்கள். வறட்டியில் சோறாக்கிய தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. வண்டிக்கடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகும் வழக்கமும் உண்டு. உப்பு விற்கப் போன உமணர்களின் வண்டிகளைச் சங்கப்பாட்டில் கண்டு, சேம அச்சு என்ற சொல்லை அறிந்திருக்கும் நமக்கு, அந்த ஒரு மரத்துண்டில் ஈராயிரம் ஆண்டுத் தொலைவு சட்டென்று சுருங்கிவிடுகிறது.

பயணத்துக்கு ஒரு கறாரான நாட்காட்டி இருந்தது. ஏப்ரல் கடைசியில், எருதுகளுக்குப் புல் முளைத்த பிறகுதான் கிளம்ப முடியும். இலையுதிர்காலப் பனி விழுமுன் மலைகளைத் தாண்டிவிட வேண்டும். தாமதித்தவர்களின் கதி என்னவாகும் என்பதை 1846-இல் கலிபோர்னிய மலையில் பனியில் சிக்கிய டானர் குழுவினரின் கதை ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தது. ஆனால் அதிகமானவர்களைக் கொன்றது பனியன்று, அம்புமன்று, காலரா. வண்டிகளை இரவில் வட்டமாக நிறுத்தியதுகூட, திரைப்படங்கள் சொல்வதுபோலப் போருக்காக அன்று; பெரும்பாலும் மாடுகள் ஓடிவிடாமல் அடைத்துவைப்பதற்காகத்தான்.

மீக்கர் தம்பதியர் சென்ற 1852-ஆம் ஆண்டு, காலரா மிகவும் வாட்டிய ஆண்டுகளில் ஒன்று. அதே கோடையில் ரெபெக்கா வின்டர்ஸ் என்ற பெண்மணி, இன்றைய நெப்ராஸ்காவில் ஸ்காட்ஸ் பிளஃப் குன்றுக்கருகே காலராவில் இறந்தார். கல் நடுவதற்கு நேரமுமில்லை, கல்லுமில்லை. உடன்வந்தவர்கள் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை வளைத்து, பெயரையும் வயதையும் அதில் வெட்டி, தலைமாட்டில் நட்டுவிட்டு நடந்தார்கள். தடத்தில் புதையுண்ட ஆயிரக்கணக்கானவர்களில் பெயரோடு எஞ்சிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். மீக்கரின் தாயாருக்கு அதுகூட வாய்க்கவில்லை. மகனைத் தேடி 1854-இல் இதே வழியில் கிளம்பிய அவர் பிளாட் ஆற்றங்கரையில் இறந்தார். இளைய மகன் ஸ்வீட்வாட்டர் ஆற்றில் மூழ்கினான்.

எஸ்ராவும் எலைசா ஜேனும் குழந்தையும் 1852 அக்டோபர் 1 அன்று போர்ட்லாந்து வந்து சேர்ந்தார்கள். பிறகு வடக்கே பியூஜெட் சவுண்ட் பகுதிக்குப் போய், 1862-இல் பியூவாலப் பள்ளத்தாக்கில் ஒரு மரக்குடிலில் நிலைகொண்டார்கள். பியர் வடிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிட்டு மீக்கர் பெருஞ்செல்வரானார். லண்டன் சந்தைவரை அவர் சரக்கு போயிற்று. 1890-இல் அவர்கள் கட்டி முடித்த மாளிகையில் பதினேழு அறைகள். அடுத்த சில ஆண்டுகளில் கொடிகளில் அசுவினி விழுந்தது. 1893-இன் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. எல்லாம் போயிற்று. கிளான்டைக் தங்க வேட்டைக்காரர்களுக்கு உலர்ந்த காய்கறி விற்கப் போனதிலும் கைநட்டம்தான்.

ஆக, 1906-இல் மீக்கர் எல்லா வகையிலும் ஓய்வுபெற வேண்டிய மனிதர். வயது 75. வீடு உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு. அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வலுத்தது. 1869-இல் கிழக்கையும் மேற்கையும் ரயில்பாதை இணைத்துவிட்டது. பழைய தடத்தை உழுது சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நடந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சகாலம் போனால் தன் தாய் எந்தக் கரையில் கிடக்கிறாள் என்பது மட்டுமல்ல, அந்தக் கரை வழியாக ஒரு வழி போயிற்று என்பதும் ஒருவருக்கும் தெரியாது. தடத்தில் மறுபடி ஒரு முறை எருது வண்டியில் போவது, இம்முறை மேற்கிலிருந்து கிழக்கே. போகும் ஊர்களிலெல்லாம் மக்களைக் கூட்டி அடையாளக்கல் நடுவது. இதுவே அவர் திட்டம்.

நண்பர்கள் தடுத்தார்கள். இந்தக் கிழவரை மலையில் விறைத்துச் சாக அனுப்புவது கொடுமை என்று பாதிரியார் ஒருவரும் கண்டித்தார். மீக்கர் கேட்கவில்லை. பழைய வண்டிகளின் இரும்புப் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டி செய்துகொண்டார். டேவ், ட்விஸ்ட் என்ற இரண்டு எருதுகளைப் பூட்டி, ஜிம் என்ற நாயோடு 1906 ஜனவரி 29 அன்று பியூவாலப்பிலிருந்து கிளம்பினார்.

எலைசா ஜேன் வரவில்லை. உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. 1852-இல் கைக்குழந்தையோடு வந்தவர், ஆற்றுக்கு ஆறு துணிமணி உலர்த்தி, சாண நெருப்பில் ரொட்டி சுட்டு, அந்த வழியை வழியாக்கியவர்களில் ஒருவர். நினைவுப் பயணத்தில் அவர் இடம் வெறுமையாகவே இருந்தது. மீக்கர் நிறைய எழுதினார். நூல்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் வழியெல்லாம் விற்று, பயணச் செலவை அதிலிருந்தே எடுத்தார். ஆனால் அந்த இரண்டாண்டுகளில் வீட்டிலிருந்தவர் எப்படியிருந்தார் என்பதை அவர் எழுத்திலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடிவதில்லை. 'நம் பயணம்' என்று இளமையில் தொடங்கியது முதுமையில் 'என் தடம்' ஆகிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைய கேம்பர் வேன்களின் முன்னிருக்கையில் இரண்டுபேர் சேர்ந்து அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த வெற்றிடம் மேலும் துலங்குகிறது, அவ்வளவுதான்.

பயணம் அவர் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. பேக்கர் சிட்டி போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கல் நட உதவினார்கள். நெப்ராஸ்காவில் ட்விஸ்ட் இறந்துபோயிற்று. வேறு மாடு கிடைக்காமல் பசுக்களைப் பூட்டியும் பார்த்தார். கடைசியில் ஒமஹாவில் டான்டி என்ற எருது கிடைத்தது. நியூயார்க் தெருக்களில் மாடு ஓட்டத் தடையிருந்தது. அதற்கும் அனுமதி வாங்கி, பிராட்வேயில் எருது வண்டியை ஓட்டினார். 1907 நவம்பர் 29 அன்று வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். தடத்தில் கல் நட அரசுப் பணம் கேட்கும் மசோதா ஒன்று காங்கிரசுக்குப் போயிற்று, சட்டமாகவில்லை. 1909-இல் எலைசா ஜேன் காலமானார். அடுத்த ஆண்டே மீக்கர் மறுபடி வண்டி பூட்டிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் கற்களில் யாருடைய வழி எழுதப்பட்டது என்று கேட்டாக வேண்டும். 1851-இல், ஆரிகன் தடத்தில் லாரமி கோட்டைக்கருகே, அமெரிக்க அரசும் லக்கோட்டா, செயன், அரப்பஹோ முதலிய மக்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். குடியேறிகள் தடையின்றிப் போகலாம், அரசு சாலையும் கோட்டையும் அமைக்கலாம். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள் ஐம்பதாண்டுகளுக்கு. கையெழுத்தான பிறகு செனட் சபை ஐம்பதைப் பத்தாகக் குறைத்தது. 1854 ஆகஸ்டில், குடியேறி ஒருவரின் நொண்டிப் பசு லக்கோட்டா முகாமுக்குள் போக, ஒருவன் அதைக் கொன்று தின்றான். தலைவர் கான்கரிங் பேர் ஈடு தர முன்வந்தார். பேச்சு முறிந்தது. கிராட்டன் என்ற இளம் அதிகாரி 29 வீரர்களோடும் இரண்டு பீரங்கிகளோடும் போய்ச் சுட, தலைவர் படுகாயமுற்று இறந்தார், படையினரும் மாண்டார்கள். மறு ஆண்டு பழிவாங்கப் போன படை 86 பேரைக் கொன்றது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. ஒரு பசுவுக்காக மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட கதையை வைத்திருக்கும் நம் மொழியில், இந்தப் பசுவின் கதைக்கு என்ன பெயர் வைப்பது?

அதற்குப் பிறகான இரு தலைமுறைக் காலத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. 1868-இல் இன்னோர் உடன்படிக்கை. 1874-இல் பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம். 1877-இல் மலை பறிபோயிற்று. அந்தப் பறிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தபோது, பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட அந்தத் தொகையை சூ மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். பணம் வேண்டாம், மலை வேண்டும் என்பது அவர்கள் நிலை.

மீக்கரின் கற்களில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் இதைக் கொண்டு அவரை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. 1856-இல், நிஸ்குவாலி மக்களின் தலைவர் லெஷை, போர்க்காலத்தில் ஒரு படைவீரரைக் கொன்றதாகக் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நிறுத்தப்பட்டார். வளமான ஆற்றங்கரையைப் பறித்துக்கொண்டு, கல்லும் மேடுமான நிலத்தை ஒதுக்கிய உடன்படிக்கையை எதிர்த்தவர் அவர். பன்னிரண்டு நடுவர்களில் பத்துப்பேர் தூக்கு என்றார்கள். இருவர் மறுத்தார்கள். அவ்விருவரில் ஒருவர் இருபத்தைந்து வயது எஸ்ரா மீக்கர். வழக்கு மறுபடி நடத்தப்பட்டு, 1858 பிப்ரவரி 19 அன்று லெஷை தூக்கிலிடப்பட்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து 1905-இல், எருது வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்பு மீக்கர் வெளியிட்ட நூலில் லெஷையின் கதை பெரும்பகுதி. நடந்தது அநீதி என்று அன்றைய ஆளுநரின் பெயரைச் சொல்லியே எழுதினார். வாஷிங்டன் மாநிலத்தில் கூடிய வரலாற்று விசாரணை மன்றம் ஒன்று லெஷை குற்றமற்றவர் என்று அறிவித்தது 2004 டிசம்பரில்தான். அதற்கும் சட்ட வலு கிடையாது.

ஒரே மனிதர், ஒன்றைக் கல்லில் எழுதினார், மற்றதைத் தாளில் எழுதினார். கல்லைச் சாலையில் போகும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இனி கேம்பர் வேனுக்கு வருவோம். 1916-இல் 85 வயது மீக்கர், பன்னிரண்டு சிலிண்டர் பாத்ஃபைண்டர் காரின்மேல் பழைய வண்டியைப் போலத் துணிக்கூண்டு கட்டி, தடத்தில் மறுபடி போனார். அதற்கு ஸ்கூனர்மொபைல் என்று பெயர். 1924-இல், 93 வயதில், அதே வழியை ராணுவ விமானத்தில் கடந்தார். ஐந்து மாதப் பாதையைச் சில நாட்களில். 1928-இல் ஹென்றி ஃபோர்டு கொடுத்த மாடல் ஏ காரிலும் கூண்டு ஏறியது, அது ஆக்ஸ்மொபைல். அதில் கிளம்புமுன் நோய்வாய்ப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று, 98 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருக்கையில், சியாட்டிலில் காலமானார்.

சக்கரத்தின்மேல் வீடு என்பதை மீக்கர் கண்டுபிடித்ததாகச் சொல்ல வரவில்லை. வயோமிங் ஆட்டிடையர்கள் 1880-களிலேயே அடுப்பும் கட்டிலும் வைத்த வண்டிகளில் வாழ்ந்தார்கள். காரில் கூடாரம் கட்டி ஊர் சுற்றியவர்கள் 1919-இல் ஃபுளோரிடாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று சங்கமே அமைத்துக்கொண்டார்கள். வெள்ளிநிற ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளை உருவாக்கிய வாலி பயம் 1896-இல் பிறந்தது, பிள்ளைகள் காசு சேர்த்துக் கல் நட்ட அதே பேக்கர் சிட்டியில். 1950-களில் அவர் நூற்றுக்கணக்கான தம்பதியரை அணிவகுத்து நாடுவிட்டு நாடு அழைத்துச் சென்றபோது, முகாமில் வண்டிகளை வட்ட வட்டமாக நிறுத்தினார்கள். ஓடிப்போக மாடு ஏதுமில்லை. பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது.

சாதாரணச் சம்பளக்காரர்களும் வாங்கக்கூடிய மோட்டார் ஹோம், அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியிலிருந்து 1966-இல் வரத் தொடங்கியது. நிறுவனம் இருந்த மாவட்டத்தின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று: வின்னபேகோ. அது ஒரு மக்களின் பெயர். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்வது ஹோ-சங்க் என்று. விஸ்கான்சினிலிருந்து அயோவாவுக்கு, 1848-இல் மினசோட்டாவுக்கு, 1855-இல் அங்கேயே வேறோர் இடத்துக்கு, 1863-இல் டகோட்டாவின் வறண்ட நிலத்துக்கு, 1865-இல் நெப்ராஸ்காவுக்கு என்று ஒரு கால் நூற்றாண்டுக்குள் ஐந்து முறை இடம்பெயர்க்கப்பட்டவர்கள். விரும்பியபோது விரும்பிய இடத்துக்கு வீட்டோடு போவதற்கான வண்டிக்கு இந்தப் பெயர் வாய்த்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்கமாட்டார்கள். வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நம்முன் வந்து நிற்கிறது, யாரும் அழைக்காமல்.

மேற்கே போகும் முதிய தம்பதியர் லாரமி கோட்டையைப் பார்த்துவிட்டு, பெயர்கள் செதுக்கப்பட்ட இன்டிபென்டன்ஸ் பாறையில் கொஞ்சம் ஏறி இறங்கி, வயோமிங்கின் இருபத்தெட்டாம் எண் சாலையில் சவுத் பாஸ் கணவாயை அடைகிறார்கள். உயரம் 2,259 மீட்டர். ஆனால் கணவாய் என்ற சொல் மனத்தில் எழுப்பும் படத்துக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பில்லை. அகன்ற, சேஜ் புதர் மண்டிய மெல்லிய சரிவு. கண்டத்தின் நீர்ப்பிரிப்பைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிடலாம். எருது வண்டிகள் இங்கே ஏற முடிந்ததற்கும், அவ்வளவு பெரிய குடியேற்றம் நடந்ததற்கும் அந்த மென்சரிவே காரணம்.

தார்ச்சாலையிலிருந்து பிரியும் புழுதிப் பாதையில் போனால் கணவாயின் உச்சியில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று, 1836 ஜூலை 4 அன்று கணவர்களோடு இவ்வழியே சென்ற நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்ற இரு பெண்களுக்காக 1916-இல் வைக்கப்பட்டது. மற்றது 1906-இல் எஸ்ரா மீக்கர் தேடி எடுத்து நட்ட சொரசொரப்பான பாறை. பழைய ஆரிகன் தடம், 1843–57 என்று அதில் வெட்டியிருக்கிறார். பெயர் எதுவும் இல்லை.